வைகறைச் சர்க்கரை

(சுத்துக்கேணியில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் எம்மை இன்று பேசப் பணித்தபோது, இலக்கியத்துள் ஒரு பகுதியை எடுத்து விரித்துரைப்போம் என்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவனிடத்து வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? யாமோ நோயொன்றைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகிவரும் எமக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. இந்நோயுற்ற சிறுவர் சிறுமியர் படுந் துன்பத்துட் பாதி நோயால் வருவது. மறுபாதி சுற்றியிருப்போர் அறியாமையால் வருவது. அறியாமையைப் போக்குதல் ஆசிரியன் கடனாதலின் இப்பொருளை மேற்கொண்டோம். யாம் மருத்துவர் அல்லேம். மருந்தின் அளவு கூற எமக்கு உரிமை இல்லை. நோயின் இயல்பு இஃது, மருத்துவரிடம் கேட்கத் தகுவது இது, வீட்டில் செய்யத் தகுவது இது என்று கூறுவதே எம் எல்லையாகும்.

நீரிழிவு, மதுமேகம், சர்க்கரை நோய் என்பன ஒருபொருட் பன்மொழிகளாக நம்மிடை வழங்குகின்றன. ஆயின் ஒரு பெயரின்கீழ் இரு வேறு நோய்கள் நிற்றலைப் பலர் உணர்ந்திலர். மெலிந்த உடலினர்க்கு வருவதும் பருத்த உடலினர்க்கு வருவதும் வெவ்வேறு என்பதனை நம் நாட்டுப் பண்டை ஆயுர்வேத நூலாரே குறித்துப் போந்தனர். இற்றை மருத்துவர் அவற்றை முதல் வகை, இரண்டாம் வகை என்பர். ஊர்தோறும் மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நிகழ்ந்த பேராய்வின் முடிபு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுற்றோர். வயது வந்தோருள் நூற்றுக்கு 26.4 பேர் என்ற கணக்கில் கோவா முதலிடத்தும், 26.3 பேர் என்ற கணக்கில் நம் புதுச்சேரி அதனை அடுத்தும் நின்றன. நால்வர் கூடிய இடத்தில் ஒருவர் நோயர் என்பது இதன் பொருள். இம்மன்றத்தில் அமர்ந்திருப்போர் தத்தம் இரு பக்கத்தாரையும் ஒருமுறை நோக்கிக்கொள்க!

இங்ஙனம் இரண்டாம் வகை எங்கும் பரவியிருத்தலால் ஒரு தீங்கு விளைந்தது. ஒவ்வொருவரும் தம்மை மருத்துவராகக் கருதுவாராயினர். அரிசியை நிறுத்து, நாள்தோறும் நட, வெந்தயத்தை ஊறவைத்துக் குடி, பாகற்காய்ச் சாறு பருகு, ஊசி வேண்டா என்று முதியோர்க்குச் சொல்லும் சொற்களையே பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லுகின்றனர். முதல் வகை நோயுற்ற பிள்ளைக்கு ஊசியை நிறுத்தச் சொல்லுவது, கிணற்று நீரை நிறுத்திவிட்டுப் பயிரைப் பச்சையாக இருக்கச் சொல்லுவது போலாம். அன்றியும் அஃது உயிருக்கே இறுதி தரும்.

காரணம் யாதெனில் கூறுதும். நம் வயிற்றின் உள்ளே, இரைப்பையின் பின்புறத்தே கணையம் என்னும் உறுப்பு உளது. அதன்கண் உள்ள நுண்ணிய உயிரணுக்கள் இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கின்றன. உண்ட சோறு குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிக் குருதியிற் கலந்த பின்னர், அதனைத் தசை முதலியவற்றின் உள்ளே புகவிடும் திறவுகோல் அந்நீரே. முதல் வகை நோயில், பகையை அழித்தற்கென்று அமைந்த உடலின் காவற்படை தன் இனத்தையே பகையென மயங்கி அவ்வணுக்களை அழித்துவிடுகின்றது. ஆகவே இன்சுலின் அறவே அற்றுப்போகின்றது. இது மிட்டாய் தின்றதனால் வந்ததன்று, தாய் தந்தையர் செய்த தீவினையால் வந்ததுமன்று, ஒட்டுநோயும் அன்று. இதனைத் தாய்மார்கள் நெஞ்சில் நன்கு பதித்துக்கொள்ளல் வேண்டும்.

இன்சுலின் கண்டறியப்படுமுன் இந்நோயுற்ற பிள்ளைகள் ஓரிரண்டு ஆண்டுகட்குள் மடிந்தனர். உணவை மிகக் குறைத்து, எலும்புந் தோலுமாக வைத்துச் சில திங்கள் உயிர் நீட்டுவதே அக்காலத்து மருத்துவமாக இருந்தது. 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இந்நீரைப் பிரித்தெடுத்தனர். மெக்ளியாடு, காலிப் என்பார் அவர்க்குத் துணைநின்றனர். 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பெற்றது. சாவின் வாயிலில் கிடந்த அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். 1923-இல் பான்டிங்குக்கும் மெக்ளியாடுக்கும் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. இன்றோ இந்நோயுடையார் கல்வியில் தேர்ந்து, தொழில் புரிந்து, மக்களைப் பெற்று, முதுமை எய்துகின்றனர். பாகிஸ்தான் நாட்டு விரைவுப் பந்து வீச்சாளர் வாசிம் அக்ரம் 1997-இல் முதல் வகை நீரிழிவுற்றார் எனக் கண்டறியப்பெற்ற பின்னும் 2003 வரை தம் நாட்டுக்காக ஆடினார் என்பதனை நம் இளைஞர்கள் அறிவர்.

இனி இன்றைய பொருளுக்கு வருவோம். இந்நோயுடைய பிள்ளைகளின் இல்லங்களில் நாள்தோறும் எழுகின்ற முறையீடு ஒன்றுண்டு. "இரவு படுக்கும்போது சர்க்கரை சரியாக இருந்தது, இரவெல்லாம் ஒன்றும் உண்ணவில்லை, காலையில் பார்த்தால் இருமடங்கு ஏறியிருக்கிறது, இஃது எப்படி?" என்பதே அது. உண்ணாதிருக்கவும் ஏறுவதெப்படி என்னும் ஐயம் இயல்பானதே. அவ்வையம் தெளியாத இல்லங்களில், பிள்ளை இரவில் களவாகத் தின்றிருத்தல் வேண்டும் என்னும் முடிபு எளிதில் பிறந்துவிடுகின்றது.

தமிழ் நூலார் ஒரு நாளை மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுது ஆறாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அஃதாவது நான்கு மணி நேரம் உடையது. வைகறை என்பது பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை. நாம் உறங்கும் அப்பொழுதில் நம் உடல் உறங்குவதில்லை. எழுந்து உழைத்தற்கு வேண்டுவனவற்றை ஆயத்தம் செய்கின்றது. உறக்கத்தில் சுரக்கும் வளர்ச்சிச் சுரப்புநீரும், விடியலை நோக்கிப் பெருகும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரும் இன்சுலினின் ஆற்றலைத் தணிக்கின்றன. ஈரலும் தன்பால் சேமித்துள்ள சர்க்கரையைக் குருதியில் விடுகின்றது. நோயற்றவனுடைய கணையம் அந்நேரத்தில் இன்சுலினைச் சிறிது மிகுத்துச் சுரந்து இதனை ஈடுசெய்துவிடும். ஆதலால் அவன் ஒன்றும் அறியான். கணையம் வறண்ட பிள்ளைக்கு அவ்வீடு செய்வார் இல்லை. ஆகவே உண்ணாமலே சர்க்கரை ஏறுகின்றது. இதனை 1981-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை விடியல் நிகழ்ச்சி எனப் பெயரிட்டு விளக்கிற்று. நாம் வைகறை ஏற்றம் என்று வழங்குவோம். வளர்ச்சிச் சுரப்புநீர் மிகுகின்ற பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பருவத்தில் இவ்வேற்றம் மிகுந்திருக்கும். பிள்ளை வளர்கின்றான் என்பதற்கு இஃது ஓர் அடையாளமேயன்றி அவன் தீயன் என்பதற்கு அடையாளம் அன்று.

எம் பள்ளியில் சில ஆண்டுகட்கு முன் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற மாணாக்கன் ஒருவனைப் பற்றிக் கூறுதல் இவ்விடத்துப் பொருந்தும். அவனுக்குக் காலையில் சர்க்கரை 250-க்குக் குறையாது. தந்தையார் சினந்தார். தாயார் வெல்லப்பானையைப் பரண்மேல் ஏற்றினார். வாழைத்தாரை அறையில் வைத்துப் பூட்டினார். இரவில் மகனுடைய பாயருகே தாமும் பாய் விரித்துக் கிடந்தார். அப்படியும் காலையில் ஏறியே நின்றது. நாள்தோறும் வசை கேட்ட அச்சிறுவன் இறுதியில் ஒரு வழி கண்டான். குறிப்பேட்டில் 250 என்று எழுதவேண்டிய இடத்தில் 130 என்று எழுதத் தலைப்பட்டான். வீட்டில் அமைதி நிலவிற்று. மருத்துவரும் அவ்வேட்டைக் கண்டு, எல்லாம் நன்று, மருந்தை மாற்ற வேண்டுவதில்லை என்றார். மூன்று திங்கள் கழித்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனையும், கருவியினுள்ளே பதிந்திருந்த எண்களும் உண்மையை வெளியிட்டன.

அன்பர்களே! பொய்யெழுதிய பிள்ளையைக் குற்றஞ் சாட்டல் எளிது. ஆயின் அப்பொய்யை விளைத்தது எது? எண்ணை நன்மதிப்பெண் போலவும், தண்டனைத் தீர்ப்புப் போலவும் கொண்ட பெரியோர் மனப்பான்மையே. நெற்பயிர் வாடியிருந்தால் உழவன் பயிரை வைவதில்லை; மடையைச் சென்று பார்க்கின்றான். சர்க்கரை எண்ணும் அத்தகையதே. அது வழி காட்டும் குறியேயன்றிக் குற்றப் பத்திரிகை அன்று. பொய்யான எண்ணைக் கொண்டு மருந்தளவு குறித்தல் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுதலை ஒக்கும். பிள்ளை மெய்யெண்ணை அஞ்சாது எழுதும் வீடே அவனுக்கு முதல் மருத்துவமனை என்க.

பின்னர் மருத்துவர் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஐந்து இரவுகள், படுக்கும்போது ஒருமுறையும், பின்னிரவு 3 மணிக்கு ஒருமுறையும், விழித்தவுடன் ஒருமுறையும் குத்திப் பார்த்து எழுதிவருக என்றார். தந்தையாரே 3 மணிக்கு எழுந்து மகனை எழுப்பாமலே அவன் விரலிற் குருதி எடுத்தார். படுக்கையில் 140 அளவும், 3 மணிக்கு 130 அளவும், 6 மணிக்கு 250 அளவும் ஐந்து நாளும் ஏறத்தாழ ஒரே வகையாக வந்தன. மகன் உண்ணவில்லை என்பது தந்தையார் கண்முன்னே மெய்ப்பட்டது. அன்றுமுதல் அவ்வில்லத்தில் வசை ஓய்ந்தது.

இச்சோதனையின் உட்கருத்தை எல்லாரும் அறிதல் நலம். காலைச் சர்க்கரை ஏறுதற்குக் காரணம் ஒன்றன்று. முதலாவது, படுக்கும்போதே ஏறியிருத்தல்; இரவு உணவு மிகுதல், உணவுக்குரிய இன்சுலின் குறைதல், நெய்யும் எண்ணெயும் மிக்க உணவு இரவெல்லாம் மெல்லச் செரித்தல் என்பவற்றால் இது நிகழும். இரண்டாவது, இரவிற் போட்ட இன்சுலினின் ஆற்றல் விடியுமுன் தீர்ந்துபோதல். இதில் நள்ளிரவு முதலே எண் படிப்படியாக ஏறும். மூன்றாவது, யாம் முற்கூறிய வைகறை ஏற்றம்; இதில் 3 மணி வரை எண் செவ்வையாக நின்று, அதன் பின்னரே ஏறும். நான்காவது, நள்ளிரவில் சர்க்கரை மிகத் தாழ்ந்து, அதனை ஈடுசெய்ய உடல் முயலுதலால் காலையில் ஏறுதல். இந்நான்காவதனை 1930-களில் அமெரிக்காவில் வாழ்ந்த அங்கேரி நாட்டு வேதியியலார் மைக்கேல் சோமோகி என்பவர் எடுத்துரைத்தார். தொடர்ந்து அளவிடும் கருவிகள் வந்த பின்னர் ஆராய்ந்தோர், இரவில் தாழ்ந்தோர் பெரும்பாலும் காலையிலும் தாழ்ந்தே விழிக்கின்றனர் என்றும், இந்நான்காம் காரணம் முன்பு எண்ணிய அளவு மிகுதியாக இல்லை என்றும் கண்டனர்.

காரணம் வேறாயின் மருந்தும் வேறாகும். 3 மணிக்கு 70-க்குக் கீழே தாழ்ந்திருக்கும் பிள்ளைக்கு, காலையில் ஏறியிருக்கின்றதே என்று இரவு இன்சுலினை மிகுத்தால் உறக்கத்திலேயே பேரிடர் நேரும். ஆதலின் 3 மணிக்குப் பாராமல் இரவு மருந்தைக் கூட்டுதல் கூடாது. வள்ளுவனாரும் மருந்து என்னும் அதிகாரத்துள், நோயையும், அது வந்த காரணத்தையும், தீர்க்கும் வழியையும் வரிசையாக ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்னும் கருத்தினை வைத்தார் அன்றோ!

அம்மாணாக்கனுக்கு மருத்துவர் செய்தது மிக எளிது. அவன் மாலை 7 மணிக்கு, விரைவில் வேலை செய்யும் மருந்தும் நெடுநேரம் வேலை செய்யும் மருந்தும் கலந்த ஊசியைப் போட்டுவந்தான். நெடுநேர மருந்தென்பது பால் போன்று கலங்கிய நிறமுடையது. 1946-இல் டென்மார்க்கு நாட்டில் ஹாகெடார்ன் குழுவினரால் ஆக்கப்பெற்றது. இன்றும் அரசு மருத்துவமனைகளில் மிகுதியும் வழங்குவது. அது போட்ட நான்கு முதல் பத்து மணி நேரத்திற்குள் உச்சம் எய்திப் பின் தணியும். 7 மணிக்குப் போட்டால் நள்ளிரவை ஒட்டி உச்சம், வைகறையில் தளர்ச்சி. தேவை மிகும் பொழுதும் மருந்து தளரும் பொழுதும் ஒன்றாயின. மருத்துவர் அதனை இரண்டாகப் பிரித்து, உணவுக்குரியதை உணவின்முன்னும், நெடுநேரத்துக்குரியதைப் படுக்கும்போதும் போடச் செய்தார். உச்சம் வைகறையை ஒட்டி நகர்ந்தது. சில கிழமைகளில் காலை எண் பெரும்பாலும் 150-க்குள் வந்து நின்றது. சில நாள் ஏறுதலும் உண்டு. அதற்காக எவரும் அவனை வையவில்லை. 2000-ஆம் ஆண்டளவில் வந்த கிளார்ஜின் முதலிய புதிய மருந்துகள் உச்சமின்றி ஒருநாள் அளவும் நிற்பன. இடுப்பில் அணியும் இன்சுலின் பம்ப் என்னும் கருவி பின்னிரவு 3 மணி முதல் தானே சிறிது மிகுத்துச் செலுத்தவல்லது. பொருள் வசதியும் மருத்துவர் கருத்தும் இசைந்தவழி அவற்றையும் நாடலாம். ஆயின் பொருளற்றார்க்கும், நேரத்தை மாற்றுதலாகிய எளிய வழி ஒன்றுண்டு என்பதை மறவற்க. இம்மாற்றத்தையும் மருத்துவர் சொல்லியே செய்தல் வேண்டும்.

இனி வீட்டாரே செய்யத்தகும் சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

விரலிற் குத்துமுன் கையைக் கழுவித் துடைத்தல் வேண்டும். மாம்பழமோ வெல்லமோ தொட்ட கையாயின் கருவி பொய்யாக மிகுத்துக் காட்டும். கலங்கிய மருந்துக் குப்பியைக் குலுக்காது, இரு உள்ளங்கைகட்கிடையே மெல்லப் பத்து இருபது முறை உருட்டிச் சீராகக் கலந்தபின் எடுத்தல் வேண்டும். இன்றேல் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் குறைந்தும் வேலை செய்யும். ஒரே இடத்திற் குத்தினால் தோலின்கீழ்க் கட்டி தோன்றி மருந்து ஊறாது. ஆதலின் இடம் மாற்றிக் குத்துக. நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகுடைய குப்பிகளும் 100 அலகுடையனவும் விற்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடி ஊசியும் 100-க்குச் செம்மஞ்சள் மூடி ஊசியும் உரியன. ஒன்றற்கு மற்றொன்றை எடுப்பின் அளவு இரண்டரை மடங்கு பிழைபடும். இதனைக் கடைக்காரரிடம் விட்டுவிடாது நாமே நோக்கல் வேண்டும்.

திறவாத குப்பியைக் குளிர்பெட்டியில், உறையும் தட்டில் அன்றிக் கதவுப் பக்கத்தில் வைக்க. எடுத்தாளும் குப்பியை வெயிலும் வெக்கையும் படாத இடத்தில் வைத்து நான்கு கிழமைக்குள் பயன்படுத்துக. குளிர்பெட்டி இல்லாத வீட்டார், ஈரமணலிற் பதித்த மட்கலத்துள், நீர் உட்புகாதவாறு ஒரு டப்பாவில் இட்டு வைக்கலாம். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டின் பரண்மேல் வைத்த மருந்து கெட்டுவிடும். கெட்ட மருந்து எத்துணை போட்டாலும் காலைச் சர்க்கரை இறங்காது.

காலை உணவைப் பற்றிச் சில சொல்லவேண்டும். வைகறைச் சுரப்புநீரின் வேகம் விடியலிலும் சிறிது நிற்குமாதலின், அதே இட்லி மாலையில் ஏற்றுவதைவிடக் காலையில் மிகுதியாக ஏற்றும். எழுந்தவுடன் சர்க்கரையிட்ட காப்பி குடித்துப் பின்னர் ஊசியை நினைத்தல் தவறு. விரைவு மருந்தாயின் உணவுக்கு 15 முதல் 20 நிமிடமும், பழைய வழக்கிலுள்ள தெளிந்த மருந்தாயின் 30 நிமிடமும் முன்னரே போடுதல் நன்று. கஞ்சியும் கூழும் விரைவில் செரித்து விரைவில் ஏற்றுவன. கேழ்வரகு என்றதனாலே அளவின்றிக் குடிக்கலாம் என்று எண்ணற்க. இட்லியைக் குறைத்துச் சுண்டல், பயறு, முட்டை, காய் என்பவற்றைச் சேர்த்தால் ஏற்றம் மெல்லென நிகழும். ஆயின் வளரும் பிள்ளையைப் பட்டினியிடுதல் ஒருபொழுதும் கூடாது. உணவைக் குறைத்து எண்ணை இறக்குதல் இன்சுலினுக்கு முற்பட்ட காலத்து வழி. அதனை மீண்டும் கொணர்தல் வேண்டா.

மாலையில் கபடி, பந்து முதலியன ஆடிய நாளில் இரவில் சர்க்கரை தாழ்தல் உண்டு. அன்று படுக்குமுன் தவறாது பார்க்க. வியர்வை, நடுக்கம், கனவிற் பிதற்றல், காலைத் தலைவலி என்பன இரவிற் தாழ்ந்தமைக்கு அறிகுறிகள். 70-க்குக் கீழாயின், நினைவுள்ள பிள்ளைக்கு 15 கிராம் குளுக்கோசோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீரோ கொடுத்து, 15 நிமிடங் கழித்து மீண்டும் பார்க்க. நினைவற்ற பிள்ளையின் வாயில் எதனையும் ஊற்றற்க. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. மாறாக, எண் 250-க்கு மேல் நின்று, வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மூச்சில் பழவாடை என்பன தோன்றின், குருதியில் கீட்டோன் என்னும் நஞ்சு பெருகியதாகும். அப்பொழுது மந்திரித்தலுக்கோ கைம்மருந்துக்கோ ஒரு நாழிகையும் வீணாக்கலாகாது. சஷ்டி, ஏகாதசி என்று நோன்பிருந்தாலும், காய்ச்சலால் உண்ணாதிருந்தாலும், நெடுநேர இன்சுலினைத் தாமே நிறுத்திவிடல் கூடாது. உண்ணாத பொழுதும் ஈரல் சர்க்கரை விடுகின்றது என்பதற்கு வைகறையே சான்றன்றோ!

இத்துணைப் பாடும் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். 1993-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ந்த பெரியதோர் ஆராய்ச்சியின் முடிபு வெளிவந்தது. முதல் வகை நோயருள் சர்க்கரையைச் செவ்வனே அடக்கி வைத்தோர்க்குக் கண்ணின் விழித்திரை கெடும் நேர்ச்சி நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது என்று அது காட்டிற்று. சிறுநீரகத்திற்கும் நரம்பிற்கும் அங்ஙனமே நன்மை விளைந்தது. வயது வந்தோர்க்கு விழித்தெழும்போது 80 முதல் 130 வரை இருத்தல் நன்று என்பர் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தார். பிள்ளைகட்கு உரிய எல்லையை அவரவர் மருத்துவரே வகுப்பர். காலை எண் ஒழுங்கானால் அந்நாள் முழுதும் ஒழுங்குபடுதல் எளிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2022 சூனில் முதல் வகை நோய்க்கென்றே தனி வழிகாட்டி நூல் வெளியிட்டுள்ளது. நமக்கு அணித்தே கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உளது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. அருகில் இருந்தும் அணுகாதிருத்தல் நீர்க்கரையில் நின்று விடாயால் வருந்துதல் போலாம்.

வள்ளுவனார் மருத்துவத்திற்கு நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என நான்கு உறுப்புக் கூறினார். முதல் மூன்றும் இக்காலத்து ஒருவாறு அமைந்துள்ளன. நான்காம் உறுப்பே நம்மிடம் குறைபாடுடையது. அது பெற்றோர், ஆசிரியர், சுற்றத்தார், சங்கத்தார் ஆகிய நாமே.

இதன்கண் ஒன்றனை வெளிப்படையாகக் கூறுதல் எம் கடமை. இந்நோயுற்ற பெண்மக்களை நம்மவர் மறைத்து வளர்க்கின்றனர். மணம் பேசும்போது வாய் திறவார். மணமான பின் அப்பெண் புகுந்த வீட்டில் மாமியார் கண்படாமல் ஊசி போட நேரிடுகின்றது. இரவு 3 மணிக்கு விளக்கேற்றிச் சோதித்தல் இயலாது. சோதனைப் பட்டையை ஒளித்து வைக்கவேண்டும். சில நாள் ஊசியையே விட்டுவிடுவாள். மறைத்ததனால் மானம் நின்றது, உயிர் தளர்ந்தது என்றால் அம்மானம் யாருக்கு? செவ்வனே நோயை ஆளும் பெண் மகப்பேறும் எய்துகின்றாள், இல்லறமும் நடத்துகின்றாள். ஆதலின் பெண் கொடுப்போர் மறையாது கூறுக. பெண் கொள்வோர் அறிந்து கொள்க. பொருத்தம் பார்க்கும் நம் பெரியோர்கள், இந்நோய் ஒன்றையே குறையாக்கி ஒருத்தியை விலக்காதிருப்பாராக! ஆண்மக்களுக்கு இந்நோய் இருந்தால் நாம் மறைத்தும் பொறுத்தும் போகின்றோம். பெண்மக்களுக்கு மட்டும் வேறு நீதி வைத்தல் அறமன்று.

எம்மனைய ஆசிரியர்க்கும் ஒரு சொல். காலையில் சர்க்கரை ஏறிய பிள்ளை பள்ளியில் அடிக்கடி நீர் குடிப்பான், அடிக்கடி வெளியே செல்ல இசைவு கேட்பான், மந்தமாக இருப்பான். சர்க்கரை தாழ்ந்த பிள்ளை கண் மயங்கிக் கேட்ட வினாவுக்கு விடை கூறாதிருப்பான். இரண்டும் சோம்பல் அல்ல. அவன் வகுப்பிலேயே குத்திப் பார்த்துக்கொள்ளவும், பையில் குளுக்கோஸ் வைத்திருக்கவும், உணவுக்கு முன் ஊசி போடவும் இடந்தருதல் வேண்டும்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இன்சுலின் அரசு மருத்துவமனையில் விலையின்றிப் பெறலாம். ஆயின் சோதனைப் பட்டையைப் பெரும்பாலும் கைப்பொருள் கொண்டே வாங்க வேண்டியுளது. ஒரு பட்டையின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலையினும் மிகுதி. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை பார்க்கவேண்டிய பிள்ளையைக் கூலித்தொழிலாளர் வாரம் ஒருமுறை பார்ப்பதும் இதனாலேயே. நம் சங்கத்து நிதியில் ஆண்டுதோறும் விழாப் பந்தலுக்கும் சுவரொட்டிக்கும் செலவாகும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, இவ்வட்டாரத்தில் முதல் வகை நோயுற்ற பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் கருவி ஒன்றும், திங்கள்தோறும் வேண்டும் பட்டைகளும் வழங்குவோமாக. பெயர்களை வெளியிடாது பெற்றோரிடம் நேரே சேர்ப்பிக்கலாம். அப்பிள்ளை எக்குலத்தைச் சேர்ந்ததாயினும் நம் ஊர்ப் பிள்ளையே. கொடுக்குங்கால் அவ்வேறுபாடு கருதாதிருத்தல் நம் சங்கத்திற்குப் பெருமை தரும்.

இத்தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் முன்மொழிய யாம் ஆயத்தமாக உள்ளோம். வழிமொழிய எவரேனும் ஒரு தாயார் முன்வரின் மகிழ்வோம்.